ஸ்டூல் வந்துவிட்டது, உட்காருவது யார்?

மதுரை ஜவுளிக்கடை முதலாளிகளுக்கும், தளம் பார்க்கும் சூப்பர்வைசர் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இப்போது எழுதினால்தான் உண்டு. இன்னும் ஒரு மாதம் போனால் உங்களுக்குச் சாப்பிடவே நேரம் இருக்காது. அப்போது இந்த மடலை நீட்டினால் அதன் மேலும் ஒரு விலைச்சீட்டை ஒட்டி அலமாரியில் வைத்துவிடுவீர்கள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1988-ல், 18 வயதில், விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் கட்டுப் பிரிக்கிற பையனாகச் சேர்ந்தேன். முதலில் வேட்டி துண்டு, அப்புறம் சேலை, கடைசியில் பட்டு. 2003-ல் பட்டுத் தளத்துக்கு என்னைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். 2022-ல் இரண்டு காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டது. "இனி நின்னீங்கன்னா ஆபரேஷன்தான்" என்று டாக்டர் சொன்னபிறகு வெளியே வந்தேன். ஆக 34 வருஷம். அதில் 19 வருஷம் அடுத்தவரை வேலை வாங்கிய வருஷம். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. பழி சொல்வதென்றால் பட்டியலில் முதல் பெயர் என்னுடையதாகத்தான் இருக்கும்.

சொல்ல வந்தது ஒன்றுதான். உங்கள் தளத்தில் ஒரு தப்பு நடந்தால் அது உங்கள் காதுக்கு வந்துசேர எத்தனை நாள் ஆகிறது? நீங்கள் எப்பேர்ப்பட்ட சூப்பர்வைசர் என்பதற்கு எனக்குத் தெரிந்த அளவுகோல் இது. விற்பனைக் கணக்கெல்லாம் அப்புறம். இதை 9,900 ரூபாய் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். சரியாகச் சொன்னால், அந்தப் பணத்தை நான் கொடுக்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

2009 தீபாவளிக்கு முந்தின வாரம். தெற்கு மாசி வீதியில் கால் வைக்க இடமில்லை, மைக்கில் போலீஸ் "பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தது, எங்கள் மாடிப்படியில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் திங்கள்கிழமை ராத்திரி முழுக்க நான் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குத் துணை இருந்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு நேராகக் கடைக்கு வந்திருந்தேன். மத்தியானம் மூத்த பிள்ளை ஒருத்தி சேலையை விரிக்கும்போது நகம் பட்டு முந்தியில் ஒரு ஜரிகை இழை இழுத்துவிட்டது. வாங்க வந்த அம்மா அதைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு எழுந்தார். நான் அங்கிருந்தே கத்தினேன்: "எங்கிட்டுப் பாத்துக்கிட்டு விரிக்கிற? ஒங்கப்பன் வீட்டுச் சரக்கா இது?"

அந்தத் தளத்தில் அப்போது அறுபது எழுபது பேர் இருந்திருப்பார்கள். ஒரு நொடி எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், அப்புறம் பழையபடி சேலை பார்க்கத் தொடங்கினார்கள். அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. மடித்தாள். மடித்து முடித்த சேலையை மறுபடி பிரித்தாள், மறுபடி மடித்தாள். மூன்றாவது தடவையும் அதையே மடித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. திட்டு வாங்கும்போது எங்கள் தொழிலில் கை நிற்காது. அழுகிறவளும் மடித்துக்கொண்டேதான் அழுவாள். அதனால் தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒழுங்காக நடப்பது போலத்தான் தெரியும்.

பக்கத்துக் கவுண்டரில் இன்னொரு பிள்ளை இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம். வேலையில் சேர்ந்து ஏழு மாதம். மறுநாள் காலையில் புதுக் கட்டு ஒன்று அவள் கவுண்டருக்கு வந்தது. சீட்டு ஒட்டுகிற பையன் 4,350 என்று ஒட்ட வேண்டியதை 3,450 என்று ஒட்டியிருந்தான். அதே ரகம் மேல் தட்டில் 4,350-க்கு இருப்பது அவளுக்குத் தெரியும். ஒரு வாரமாக அவள்தான் விற்றுக்கொண்டிருந்தாள். பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ராத்திரி கடை அடைத்தபிறகு ஸ்டாக் எடுத்தோம். அதற்குள் 11 சேலை போயிருந்தது. சேலைக்கு 900 வீதம் 9,900 ரூபாய் ஓட்டை. விசாரித்தபோது அவளே சொன்னாள், "செவ்வாக்கிழமையே பாத்தேண்ணே."

"பாத்துட்டு ஏன் பிள்ள சொல்லல?"

"கத்துவீங்கன்னு."

அந்த ஒரு வார்த்தைக்கும் நான் கத்தினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நஷ்டத்தைச் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தது. பட்டியல் போட்டது நான். அந்தக் கவுண்டரில் நின்ற மூன்று பேர், சீட்டு ஒட்டிய பையன், ஆக நான்கு பேர், தலைக்கு 2,475. அவளுடைய மாதச் சம்பளம் அப்போது 3,200. அந்தப் பட்டியலில் என் பெயரை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தீபாவளி முடிந்து கடை திறந்த அன்று அவள் வரவில்லை. நான்கு நாள் கழித்து அதே ஊரிலிருந்து வருகிற இன்னொரு பிள்ளை ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே கடை யூனிஃபார்ம் சேலை. துவைத்து, தேய்த்து, நாங்கள் பட்டுச் சேலையை மடிக்கிற அதே மடிப்பில், முந்தி மேலே தெரிகிற மாதிரி மடித்திருந்தது. தோளில் குத்துகிற சேஃப்டி பின் இரண்டையும் ஒரு ஓரத்தில் குத்தி அனுப்பியிருந்தாள். கடைப் பொருள் ஒன்றுகூட அவளிடம் தங்கவில்லை.

இந்தக் கதையை ரொம்ப நாள் கழித்து என் மகளிடம் சொன்னேன். அவள் எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, இதையே அமெரிக்காவில் ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க" என்றாள். எமி எட்மண்ட்சன் என்று ஹார்வர்டில் ஒரு பேராசிரியர். 1990-களில், ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலத்தில், ஆஸ்பத்திரி வார்டுகளில் மருந்து மாற்றிக் கொடுப்பது, அளவு தவறிக் கொடுப்பது போன்ற பிழைகளைப் பற்றிய ஓர் ஆய்வில் வேலை பார்த்திருக்கிறார். நன்றாக ஒத்துப்போகிற, நல்ல தலைமை இருக்கிற வார்டில் பிழை குறைவாக இருக்கும் என்பதுதான் அவருடைய எதிர்பார்ப்பு. நீங்களும் நானும்கூட அப்படித்தான் நினைப்போம். கணக்கு வந்தபோது தலைகீழாக இருந்தது. நல்ல வார்டுகளில்தான் பிழை அதிகமாகப் பதிவாகியிருந்தது! யோசித்துப் பார்த்தபிறகுதான் அவருக்கு விளங்கியிருக்கிறது. அங்கே பிழை அதிகமாக நடக்கவில்லை, நடந்ததை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள். தலைமை நர்ஸைப் பார்த்துப் பயப்படுகிற வார்டில் பிழை நடந்தாலும் காகிதத்துக்கு வருவதில்லை. இதைத் தொடர்ந்து 1999-ல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் 'உளவியல் பாதுகாப்பு' என்ற சொல் நிர்வாகப் படிப்புகளில் பரவலாகப் புழங்கத் தொடங்கியது. தப்பைச் சொன்னால் தலை போகாது என்ற நம்பிக்கை என்று அதைப் புரிந்துகொண்டேன்.

"எங்க ஃப்ளோர்ல தப்பே நடக்காது சார்" என்று மார்தட்டுகிற சூப்பர்வைசர்கள் உங்களில் பலர் உண்டு. நானும் 2009 வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது இதற்கெல்லாம் 'எமோஷனல் இன்டெலிஜென்ஸ்' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் உணர்வுசார் நுண்ணறிவு. 2016-ல் எங்கள் கடையிலிருந்து எட்டுச் சூப்பர்வைசர்களை ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஏசி ஹால், திரையில் படம், இரண்டு வேளை காபி. சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் நன்றாகத்தான் பேசினார். பீட்டர் சாலோவே, ஜான் மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990-ல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள், டேனியல் கோல்மன் என்பவர் 1995-ல் புத்தகம் போட்டு உலகம் முழுக்கப் பரப்பினார், 1998-ல் அவரே நல்ல தலைவனுக்கு வேண்டிய ஐந்தைப் பிரித்துச் சொன்னார் என்றார். தன்னை அறிவது, தன்னை அடக்குவது, உள்ளிருந்து வருகிற உந்துதல், அடுத்தவர் மனம் அறிவது, பழகத் தெரிவது. ஐந்தையும் நோட்டில் எழுதிக்கொண்டோம். மத்தியானச் சாப்பாட்டில் எங்கள் ஆள் ஒருவர் வெஞ்சனம் ஆறிப்போய்விட்டது என்று பரிமாறிய பையனைப் பிடிபிடியென்று பிடித்தார். அவர் நோட்டிலும் அந்த ஐந்தும் இருந்தது.

மறுநாள் பிள்ளைகள் கேட்டார்கள், "எங்கண்ணே போயிருந்தீங்க நேத்து?" கோபப்படாமல் இருப்பது எப்படி என்று படித்துவிட்டு வந்தேன் என்றேன். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்திக்கு அடக்க முடியவில்லை. அந்தத் தளத்தில் என் முன்னால் அவர்கள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. என்னைக் கேட்டால் 2016 பயிற்சியில் கிடைத்த ஒரே லாபம் அந்தச் சிரிப்பு.

கோல்மன் சொன்னதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று மகள் சொல்கிறாள். வாழ்க்கையில் ஜெயிப்பதற்கு இதுதான் எல்லாம் என்கிற மாதிரி பேசுவதை, முதலில் ஆராய்ந்த மேயரே ஒப்புக்கொள்ளவில்லையாம். அது படித்தவர்கள் சண்டை, எனக்கு எதற்கு? எனக்கு அந்த ஐந்தில் முதலாவது போதும். இப்போது என் மனசு எங்கிட்டு இருக்கிறது என்று எனக்கே தெரிவது.

இதற்கு அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. நம் ஊர்க் கதையே இருக்கிறது. பாண்டியன் ஏன் விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னான்? அவன் கெட்ட ராஜா என்று யாரும் சொல்லவில்லை. ராணி ஊடிக்கொண்டு போய்விட்டாள், அவளைச் சமாதானப்படுத்த வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறான், வழியில் பொற்கொல்லன் காலில் விழுந்து கள்வன் அகப்பட்டான் என்கிறான். மனசு அந்தப்புரத்தில், வாய் மட்டும் அரசவையில். ஆளைக் கொன்று சிலம்பைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்த என் மனசும் அந்தத் திங்கள்கிழமை கடையில் இல்லை. சொந்த அப்பன் படுக்கையில் கிடக்க, நான் இன்னொருத்தியின் அப்பனை இழுத்துப் பேசினேன். ஆனால் பாண்டியனுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தப்பு தன்னுடையது என்று தெரிந்த இடத்திலேயே, அத்தனை பேர் முன்னாலும், அவன் ஒப்புக்கொண்டான். நான் 2,475 வீதம் பிரித்துப் பட்டியல் போட்டேன்.

குறள் எதுவும் எடுத்துப் பேசப்போவதில்லை. அது உங்கள் கல்லாவுக்கு மேலேயே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.

படிக்காமலே இதெல்லாம் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சேர்ந்தபோது எங்கள் கடையில் ஒரு பெரியவர் தளம் பார்த்தார். வேட்டி, அரைக்கைச் சட்டை, காதில் எப்போதும் ஒரு பென்சில். காலையில் ஷட்டர் தூக்குவதற்கு முன்னால் டீ கிளாஸோடு வாசற்படியில் நின்றுகொள்வார். உள்ளே வருகிற ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்ப்பார். பேச மாட்டார், பார்ப்பார். அப்புறம்தான் அன்றைக்கு யார் எந்தக் கவுண்டர் என்று சொல்லுவார். கண் சிவந்து வருகிறவனைக் கூட்டம் வராத உள்பாவாடைப் பக்கம் அனுப்புவார். வீட்டில் நல்லது நடந்த முகம் தெரிந்தால் அவனைக் கல்யாணப் பட்டுக்கு நிறுத்துவார். கல்யாணச் சேலை எடுக்க வருகிறவர்கள் பத்துப் பேராக வருவார்கள், ஐம்பது சேலை விரிக்கச் சொல்லி ஒன்று எடுப்பார்கள். அதற்கு மனசு லேசாக இருக்கிற ஆள்தான் சரிப்படும்.

ஒருநாள் எனக்குக் காய்ச்சல். நான் சொல்லவில்லை, சொன்னால் அரைநாள் சம்பளம் போகும். படி ஏறும்போதே, "ஏலேய், நீ இன்னைக்கு கொடவுன்ல போய் பைய எண்ணிக்கிட்டு இரு" என்றார். கொடவுனில் ஃபேன் உண்டு, உட்கார மூட்டை உண்டு. காய்ச்சலா என்று அவரும் கேட்கவில்லை, ஆமாம் என்று நானும் சொல்லவில்லை. அன்றைக்கு அங்கே இருந்த கட்டுகளில் ஒரு துண்டு குறைவதை எண்ணிக் கண்டுபிடித்தேன். அவர் அனுப்பியிருக்காவிட்டால் தெரிந்திருக்காது. அவரை ரொம்பவும் தூக்கிப் பேசவும் கூடாது. முதலாளி முன்னால் அவருக்கு வாய் வராது. எங்களுக்காக ஒரு ரூபாய் கூலி உயர்த்திக் கேட்டதில்லை. கீழே இருக்கிறவன் மனசை இவ்வளவு படித்தவர், மேலே இருக்கிறவரிடம் அதில் ஒரு வரியையும் வாசித்துக் காட்டவில்லை. பாதி வேலைதான் செய்தார் என்று இப்போது தோன்றுகிறது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அடுத்தவர் மனம் அறிகிற திறமையை வைத்து ஏய்க்கவும் செய்யலாம். அதிலும் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள். ராத்திரி பத்தரைக்கு மேலும் ஆளை நிறுத்த வேண்டும் என்றால் குரல் இனித்துவிடும். "நம்ம கடை ஒரு குடும்பம்மா. குடும்பத்துக்குச் செய்ய மாட்டியா?" யாருக்கு அம்மா இல்லை, யார் தங்கை கல்யாணத்துக்குப் பணம் சேர்க்கிறாள் என்று தெரிந்துவைத்துக்கொண்டு சரியான நரம்பில் கை வைப்பார்கள். குடும்பம் என்றால் ஓவர்டைம் பணத்தைக் கையில் கொடுங்கள், கடைசி பஸ் போனபிறகு வீடு வரைக்கும் வண்டி விடுங்கள். அது இல்லாத இனிப்புப் பேச்சைவிட நான் கத்தினதே மேல் என்பேன். கத்துகிறவன் யார் என்றாவது தெரியும்.

சிரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆர்லி ஹாக்ஷில்ட் என்ற அமெரிக்க சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, சம்பளத்துக்காக முகத்தையும் மனசையும் ஒரு மாதிரி வைத்துக்கொள்வதும் உழைப்புத்தான் என்று 1983-லேயே சொன்னார். அவர் தீபாவளிச் சமயம் நம் கடைகளைப் பார்த்திருந்தால் விமானத்துக்கே போயிருக்க மாட்டார். நாற்பது சேலையை விரிக்கச் சொல்லிவிட்டு, "ஒண்ணும் சரியில்ல, வாங்க வேற கடைக்குப் போவோம்" என்று எழுந்து போகிறவர்களையும் பார்த்து ஒரு பிள்ளை சிரிக்கிறாள். அந்த நாற்பதையும் மறுபடி மடிக்க வேண்டும். காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி வரைக்கும் அவள் எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிறாள். அவளைப் பார்த்துச் சிரிக்க வேண்டிய ஆள் தளத்தில் ஒருவர்தான். அவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் டார்கெட் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் தண்ணீர். உங்கள் தளத்துப் பிள்ளைகளின் பாட்டிலைச் சாயங்காலம் ஒருநாள் எடுத்துப் பாருங்கள். காலையில் கொண்டுவந்த தண்ணீர் அப்படியே இருக்கும். கழிப்பறை இரண்டு மாடிக்கு மேலே, போனால் டோக்கன், பத்து நிமிஷத்துக்கு மேல் ஆனால் கேள்வி. அதனால் அவர்கள் குடிப்பதில்லை. 15 வருஷம் இதைப் பார்க்காமல் தளம் பார்த்தவன் நான். மனம் அறிவது என்றால் பெரிய வித்தை என்று நினைக்காதீர்கள். பாட்டிலைப் பார்த்தால் போதும்.

சரி, ஸ்டூல் விஷயத்துக்கு வருகிறேன். 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் 1947-ம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. கடையில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் உட்கார இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்று சட்டம். கேரளாவில் 2018-லேயே கொண்டுவந்துவிட்டார்கள். அங்கே ஜவுளிக்கடைப் பெண்கள் அதற்காகத் தெருவில் நின்று போராடினார்கள். எங்கள் கடைக்கும் நீல நிறத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது, கவுண்டருக்கு ஒன்று. முதலாளியும் தட்டாமல்தான் வாங்கிக் கொடுத்தார்.

ஒரு மாதம் யாரும் உட்காரவில்லை.

உட்காரக்கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. சொல்லாமலே தெரியும். வருஷக்கணக்காக நின்று பழகிய பிள்ளைகளின் கால்கள், உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று என் முகத்தைப் பார்க்கின்றன. என் முகம் மேலே கேமராவைப் பார்க்கிறது. கேமராவுக்குப் பின்னால் முதலாளி. ஸ்டூலின் மேல் முதலில் பில் புக் வந்து உட்கார்ந்தது. அப்புறம் ஜாக்கெட் பிட் கட்டு. பத்து நாளில் அது இன்னொரு அலமாரி ஆகிவிட்டது.

அந்த மூத்த பிள்ளை, 2009-ல் சேலை மடித்துக்கொண்டே நின்றாளே, அவள் அப்போதும் அதே தளத்தில்தான் இருந்தாள். இப்போது எல்லோருக்கும் அக்கா. ஒருநாள் மத்தியானம் மூன்று மணி, கூட்டம் இல்லை. ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலின் பின்னால் தேய்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அந்த வலி தெரியும், எனக்கும் அதே கால். நான் போய்க் கட்டை இறக்கி வைத்துவிட்டு அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எழுந்து, "நீ உக்காரு" என்றேன். "வேணாம்ணே" என்றாள். "உக்காரு பிள்ள" என்றேன். நுனியில் உட்கார்ந்தாள், எந்த நேரமும் எழுந்துகொள்ளத் தயாராக, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு.

இன்டர்காம் அடித்தது. "யாரு அது, பட்டுல உக்காந்திருக்கது?"

"நான்தான் உக்காரச் சொன்னேன் அண்ணாச்சி. கஸ்டமர் யாருமில்ல."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. 33 வருஷத்தில் நான் அவரிடம் "நான்தான்" என்று சொன்னது அன்றைக்குத்தான். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. அப்புறம், "கூட்டம் வந்தா எந்திரிக்கச் சொல்லு" என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான். எதைச் சொன்னால் குடி முழுகும் என்று இத்தனை வருஷம் பயந்தேனோ, அதற்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான். அன்று சாயங்காலத்துக்குள் நான்கு ஸ்டூல்களிலிருந்து கட்டுகள் இறங்கிவிட்டன. அடுத்த வாரம் அந்த அக்காவே என்னிடம் வந்து, சின்ன பார்டர் ரகத்தில் ஒரு கட்டு முழுக்கச் சாயம் சரியில்லை, விரலில் ஒட்டுகிறது என்றாள். கட்டு வந்த அன்றைக்கே சொன்னாள். ஒரு சேலைகூட விற்பதற்கு முன்னால் திருப்பி அனுப்பினோம். ஸ்டூலுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று என்னால் கணக்குப் போட்டுக் காட்ட முடியாது. உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

முதலாளிமார்களே, உங்களிடம் தனியாகக் கொஞ்சம். நாங்கள் கத்துகிறோம் என்றால் எங்கள் குணம் மட்டும் காரணமில்லை. மேல்மாடியில் உங்கள் அறையில் எங்களுக்கு விழுவதைத்தான் படி இறங்கி வந்து இன்னொருத்தர் தலையில் இறக்கி வைக்கிறோம். டார்கெட் விழுந்த அன்று சாயங்காலக் கூட்டத்தில் எட்டுச் சூப்பர்வைசர்களையும் நிற்கவைத்து ஒருவரை உரிப்பீர்கள். மற்ற ஏழு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அடுத்த நாள் உங்களிடம் யார் உண்மையைச் சொல்வோம்? சரக்கு தேங்கியிருப்பது தெரியும், இந்த டிசைனை இந்த வருஷம் யாரும் தொடமாட்டார்கள் என்று கவுண்டரில் நிற்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். உங்களுக்கு மட்டும் பொங்கலுக்கு அப்புறம்தான் தெரியும். பயிற்சிக்கு எங்களை மட்டும் அனுப்பாதீர்கள். நீங்களும் வந்து அந்த ஏசி ஹாலில் கடைசி வரிசையிலாவது உட்காருங்கள்.

தம்பி தங்கைகளுக்கு: திட்டவே கூடாது என்று சொல்ல மாட்டேன். பட்டுத் தளத்தில் கவனம் தப்பினால் ஆயிரக்கணக்கில் போகும், கண்டிக்கத்தான் வேண்டும். கஸ்டமர் முன்னால் வேண்டாம். கொடவுன் பக்கம் கூப்பிட்டுப் போய்ச் சொல்லுங்கள், சேலையைப் பற்றி மட்டும் சொல்லுங்கள், அப்பனை விட்டுவிடுங்கள். தப்பை ஒருத்தி தானாக வந்து சொன்னால் அவளுக்குச் சம்பளத்தில் பிடிக்க மாட்டோம் என்று மேலிருந்து ஒரு வார்த்தை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முன்னால் வாங்குங்கள். கூட்டம் வந்தபிறகு எந்த முதலாளியும் எந்த வார்த்தையும் தரமாட்டார்.

அந்த உசிலம்பட்டிப் பிள்ளையைத் தேடினேன். தகவல் கிடைத்தது: கல்யாணமாகித் தேனிப் பக்கம் இருக்கிறாளாம், வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறாளாம். 2,475 ரூபாயை ஒரு கவரில் போட்டு, யூனிஃபார்ம் கொண்டுவந்த அதே பிள்ளையிடம் கொடுத்தனுப்பினேன். "எதுக்குண்ணே இது, பழசெல்லாம்" என்று போனில் சிரித்தாள். மற்ற மூன்று பேரில் இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டேன். சீட்டு ஒட்டிய பையன் திருப்பூர் போனவன், எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. அவனுடைய கவர் பீரோவில் இருக்கிறது.

இந்தத் தீபாவளிக்கும் வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு சேலை எடுக்க விளக்குத்தூண் பக்கம் வருவேன். கூட்டத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு. அவள் சேலையைப் பார்ப்பாள். நான் கவுண்டருக்குப் பின்னால் எட்டி, ஸ்டூலில் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். போன வருஷம் போன கடையில் அதன்மேல் ஜாக்கெட் பிட் கட்டு இருந்தது.

இப்படிக்கு,
34 வருஷம் சேலை விரித்த ஒருவன்,
செல்லூர், மதுரை.